கண்காணியாகவா, நண்பராகவா? கடல் கடந்து ஊழியம் செய்வோரைச் சந்திக்கச் செல்லுதல் குறித்து

மருங்காபுரிப் பகுதியிலுள்ள சிறு சபையொன்றின் கமிட்டிக் கூட்டத்தில் அண்மையில் ஒரு கேள்வி எழுந்தது. அச்சபையில் பிறந்து வளர்ந்த தம்பதியர் சில ஆண்டுகளாகக் கிழக்காசிய நாடொன்றில் மிஷனெரிகளாகப் பணியாற்றி வருகின்றனர். நாட்டின் பெயரை இங்கே குறிப்பிடுவது அவர்களுக்கு நலமன்று. அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதியைச் செலவிட்டு, ஆயரை அங்கு அனுப்பி அவர்களைக் கண்டு வரச் செய்யலாம் என்று சிலர் கூறினர். அப்பொழுது மூப்பர் ஒருவர் எழுந்து, "போய்வர ஆகும் பணத்தை அவர்களுக்கே அனுப்பினால் ஆறு மாத வீட்டு வாடகைக்கு ஆகுமே, நேரில் போய் என்ன செய்யப்போகிறோம்?" என்று கேட்டார். வானம் பார்த்த பூமியில் சோளமும் கடலையும் விளைவித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். ஒரு ரூபாயின் அருமை அவருக்குத் தெரியும். கமிட்டியார் விடை கூற இயலாமல், கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தனர்.

இப்படிக் கேட்பவரை நோக்கி, பெத்தானியாவில் பரிமளதைலம் வீணாயிற்று என்று முறுமுறுத்தவர்களின் வசனத்தை எடுத்துக்காட்டி வாயடைத்துவிடுவது போதகர்களாகிய நமக்கு எளிது. அப்படிச் செய்ய நாம் துணியவில்லை. ஏனெனில், வெளிநாடு சென்று ஊழியரைக் கண்டுவந்ததாகக் கூறப்படும் பயணங்களுள் பல, அந்த மூப்பரின் கேள்விக்கு விடை கூறத் தகுதியற்றவை. நாம் மேற்கொண்ட பயணமொன்றும் அவற்றுள் சேர்ந்ததே. அதைப் பின்னர் கூறுவோம். முதலாவது, 'சந்தித்தல்' என்று திருமறை எதைக் குறிக்கிறது என்று காண்பது தகும்.

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் 'எப்பிஸ்கெப்டோமாய்' என்றொரு வினைச்சொல் உண்டு. உற்று நோக்குதல், நாடிச் சென்று பார்த்தல், நலம் அறிந்து உதவுதல் என்பன அதன் பொருள்கள். முன்பு வசனம் அறிவித்த ஊர்களுக்குத் திரும்பச் சென்று சகோதரரின் நிலையைக் கண்டு வருவோம் என்று பவுல் பர்னபாவை அழைக்குமிடத்தில் வருவது இச்சொல்லே (அப். 15:36). தேவன் தம் ஜனத்தை நாடிவந்தார் என்று சகரியா பாடுமிடத்திலும் (லூக். 1:68), நியாயத்தீர்ப்பைக் குறித்த போதனையில் வியாதியாயிருந்தவரைக் காண வந்தவர்களைப் பற்றிக் கூறுமிடத்திலும் (மத். 25:36), திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் பற்றி யாக்கோபு எழுதுமிடத்திலும் (யாக். 1:27) இதுவே வருகிறது. நமது பழைய திருப்புதல் இதனைச் சகரியாவின் பாட்டில் 'சந்தித்து' என்றும், நோயாளியையும் விதவையையும் பற்றிய இடங்களில் 'விசாரிக்க', 'விசாரிக்கிறதும்' என்றும் தமிழாக்கியிருக்கிறது. விசாரித்தல் என்பது தமிழில் இரு முகமுடைய சொல். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து நலம் கேட்பதும் விசாரித்தலே. காவல் நிலையத்தில் நிறுத்திவைத்துக் கேட்பதும் விசாரித்தலே.

அதே வேரிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'எப்பிஸ்கொப்பொஸ்'. இன்று பேராயர் என்று நாம் வழங்கும் பதவிக்கு மூலமான இச்சொல்லைப் பழைய திருப்புதல் 'கண்காணி' என்று தந்துள்ளது (பிலி. 1:1, 1 தீமோ. 3:2). ஆகவே, சென்று சந்திக்கிறவனும் மேலிருந்து கண்காணிக்கிறவனும் கிரேக்கத்தில் ஒரே குடும்பத்தார். இவ்விருவருள் எவராக நாம் கப்பலேறுகிறோம் அல்லது விமானமேறுகிறோம் என்பதே கேள்வி.

எபிரெயத்தில் இது இன்னும் கூர்மையாக நிற்கிறது. 'பாகாத்' என்னும் வினைச்சொல்லைக் கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்த் பல இடங்களில் மேற்கூறிய எப்பிஸ்கெப்டோமாய் என்றே பெயர்த்துள்ளது. ஈசாய் தன் இளைய மகனை ஏலா பள்ளத்தாக்கிலுள்ள போர்முனைக்கு அனுப்பும்பொழுது, அண்ணன்மாருடைய நலத்தை விசாரித்து வரும்படி கூறுவது இச்சொல்லினாலேயே (1 சாமு. 17:18). தாவீது வெறுங்கையோடு செல்லவில்லை. அண்ணன்மாருக்கு வறுத்த தானியமும் பத்து அப்பங்களும், அவர்கள் தலைவனுக்குப் பத்துப் பால்கட்டிகளும் கொண்டு சென்றான். அவர்களிடமிருந்து ஓர் அடையாளம் வாங்கி வரும்படியும் தகப்பன் பணித்தான். போர்முனையில் இருப்போரைச் சந்திக்கச் செல்வதற்கு இதைவிடச் சிறந்த மாதிரியை நாம் அறியோம். கையில் வீட்டு உணவு. வாயில் நலம் விசாரிக்கும் சொல். திரும்பும்பொழுது தகப்பனுக்கு ஓர் அடையாளம்.

ஆனால் அதே தாவீது முதிர்வயதில் அரசனாயிருந்து, தாண் முதல் பெயெர்செபாமட்டும் ஜனத்தைத் தொகையிடும்படி யோவாபை அனுப்பிய இடத்திலும் (2 சாமு. 24:2) அதே 'பாகாத்' நிற்கிறது. தலைகளை எண்ணுவதற்கும் அச்சொல்லே. இளைஞனாய் வறுத்த தானியத்தோடு சென்றபொழுது நலம் விசாரித்தலாக இருந்தது, அரசனாய் ஏடெடுத்து எழுதச் செய்தபொழுது பாவமாயிற்று. இங்கே ஒரு சிறு விஷயத்தையும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். தாவீது பாளயத்தை அடைந்தவுடன் மூத்த அண்ணன் எலியாப் அவன்மேல் கோபம் மூண்டவனாய், அவன் சண்டையை வேடிக்கை பார்க்க வந்ததாகக் கடிந்துகொள்ளுகிறான் (17:28). போர்முனையில் களைத்திருப்பவனுக்குப் பார்க்க வருகிறவனெல்லாம் வேடிக்கை பார்க்க வருகிறவனாகத் தோன்றுதல் இயல்பு. எலியாபை நாம் பிரசங்கங்களில் எப்பொழுதும் பொறாமைக்காரனாகவே காட்டிவிடுகிறோம். மிஷனெரிகளின் வீடுகளில் தங்கிய பின்பு அவன்மேல் நமக்குச் சற்று இரக்கம் உண்டாயிற்று.

திருச்சிராப்பள்ளி வாசிகளாகிய நமக்கு, கடல் கடந்து வந்து சந்தித்தலுக்கு ஊருக்குள்ளேயே ஒரு நினைவுச்சின்னம் உண்டு. கல்கத்தாவின் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் 1825இல் இலங்கைக்கும், 1826இன் தொடக்கத்தில் தென்னாட்டுக்கும் மிஷன் சபைகளைச் சந்திக்கப் பயணம் மேற்கொண்டார். தஞ்சையில் ஈஸ்டர் ஆராதனையை நடத்திவிட்டு ஏப்ரல் முதல் நாளில் திருச்சி வந்து சேர்ந்தார். 3ஆம் தேதி காலை கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தித் தம் இருப்பிடம் திரும்பியவர், அங்கிருந்த குளிக்கும் தொட்டியில் இறந்துகிடந்தார். அப்பொழுது அவருக்கு வயது 42. தூய யோவான் ஆலயத்தினுள்ளே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்தக் கோட்டை ஆலயமோ 1766இல் சுவார்ட்ஸ் ஐயரின் முயற்சியால் எழுந்தது. அவரும் தரங்கம்பாடியில் இருந்த காலத்தில், 1760இல், கடல் கடந்து இலங்கைக்குச் சென்று அங்குள்ள விசுவாசிகளைச் சந்தித்து வந்தவரே. ஆகவே இத்தகைய பயணங்கள் விமானங்களும் விசாக்களும் கொண்டுவந்த புதுப் பழக்கமல்ல. ஆயினும் ஹீபரும் சுவார்ட்ஸும் மேற்கிலிருந்து வந்தவர்கள். தமிழர் ஒருவர் கடல் கடந்து சென்று கண்டது என்ன என்பதே நம் கேள்விக்கு இன்னும் அணுக்கமானது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் சுற்றியவர். 1902இல் அச்சங்கப் பணியின் பொருட்டு யாழ்ப்பாணத்துக்குச் சென்றார். பாம்பன் வழியாக இரயிலும் கப்பலும் இணைந்த வசதி 1914இல்தான் வந்தது; அக்காலத்தில் இலங்கைக்குச் செல்லத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் நீராவிக் கப்பலே பெரும்பாலோருக்குரிய வழி. அவரை யாழ்ப்பாணம் அழைத்தது கூட்டங்களில் பேசுவதற்கு. அவர் அங்கே கண்டதோ வேறு.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் தொடங்கிற்று. அங்கே வளர்ந்த தமிழ்த் திருச்சபை ஒரு தலைமுறைக்குள்ளேயே பிறருக்கு ஆட்களைத் தரத் தொடங்கிவிட்டது. 1834இல் அமெரிக்க மிஷனெரிகள் மதுரையில் பணி தொடங்கியபொழுது, யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களே உடன் வந்தனர். அசரியா சென்ற காலத்தில், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்கென்று ஓர் அந்நிய நாட்டு மிஷனெரிச் சங்கத்தை வைத்துத் தங்கள் காசைச் சேர்த்து ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு 'அந்நிய நாடு' எது? ஆப்பிரிக்காவோ சீனாவோ அல்ல. இராமநாதபுரம் கரையிலுள்ள தொண்டி! அதாவது நம் கரை.

இதை நாம் பலமுறை எண்ணிப்பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் கடல் கடந்து செல்கிறார். அங்குள்ள தமிழ் நண்பர்கள் தங்கள் மிஷன் களத்தைக் காட்டுகிறார்கள். அவர் திரும்பிப் பார்த்தால் அது தம் சொந்த நாடு. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் மிஷனெரிகளைப் பெற்று வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபையோ, தன் காசில், தன் ஆட்களை, தன் நிர்வாகத்தின்கீழ் தொலைநாட்டுக்கு அனுப்பும் சங்கமொன்று இல்லாமல் இருந்தது. பெரிய கூட்டங்களில் பேசச் சென்றவர் வெட்கத்தோடு திரும்பினார். 1903 பெப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அது தெரிந்துகொண்ட இடம் நிஜாமின் சமஸ்தானத்திலிருந்த தோர்ணக்கல் பகுதி. அங்குள்ள மொழி தெலுங்கு. 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரிச் சங்கமும் தோன்ற அசரியா முன்னின்றார். 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கலுக்கு மிஷனெரியாகச் சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று அவ்விடத்தின் பேராயராக அபிஷேகம் பெற்றபொழுது ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

யாழ்ப்பாணப் பயணத்துக்கு ஆன செலவு எவ்வளவோ, அதைத் தொண்டியிலிருந்த ஊழியருக்கு அனுப்பியிருந்தால் சில மாதச் சம்பளத்துக்கு ஆகியிருக்கும். கணக்கின்படி மூப்பர் சொல்வது சரியே. ஆனால் பணம் கடலைக் கடந்து போனால் போன இடத்தில் தங்கிவிடும். மனிதன் போனால் திரும்பி வருகிறான். அவன் வேறு மனிதனாகத் திரும்பக்கூடும் என்பதைக் கணக்கில் எழுத வழியில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து அசரியா இன்னும் நீண்ட கடற்பயணம் செய்தார். 1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகளில் ஆசியர் இருபதுக்கும் குறைவு. அவர்களில் ஒருவரான அசரியா 35 வயதுள்ள குருவாக, மிஷனெரிகளுக்கும் சுதேச ஊழியருக்கும் இடையிலுள்ள உறவைக் குறித்து உரையாற்றினார். சம்பளம் கொடுப்பவர், சம்பளம் பெறுபவர் என்னும் உறவே மேலோங்கி நிற்கிறது என்றும், ஒரே பந்தியில் உண்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரும் சிநேகம் அரிதாயிருக்கிறது என்றும் மூடிமறைக்காமல் கூறினார். பவுலின் அன்பின் அதிகாரத்தை நினைவூட்டி, மேற்கத்திய சகோதரர் ஏழைகளுக்குப் பொருளும், ஊழியத்தில் உயிரும் தந்ததை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, இனி வேண்டுவது அன்பு, ஆகவே நண்பர்களாக வாருங்கள் என்னும் கருத்தோடு முடித்தார். கேட்டிருந்த மிஷனெரிகள் பலர் மனம் நொந்தனர். இப்படிப் பேசியவர் மேற்கத்தியரின் சிநேகத்தை அறியாதவரல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1896இல் இந்தியா வந்து தமிழ் கற்றுக்கொண்ட அமெரிக்கர் ஷெர்வுட் எடி அவருடைய உயிர்த்தோழர். நட்பு என்பது எப்படியிருக்கும் என்று சுவைத்தவராதலாலேயே, அது இல்லாத இடத்தை அவரால் காணமுடிந்தது.

எடின்பரோ உரையை நாம் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்து வந்தோம். வெள்ளையரின் மேட்டிமையைக் கண்டிக்கும் உரையாகவே அதைக் கற்பித்தோம். அது நம்மையும் கண்டிக்கிறது என்று அறிய, நாமும் கடல் கடந்து செல்லவேண்டியிருந்தது.

இறையியற் கல்லூரியில் நம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் மனைவியோடு இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்குள்ள பணி நீண்ட வரலாறுடையது. 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியபொழுது, திருநெல்வேலிச் சபை தன் உபதேசியார்களை அங்கே அனுப்பிற்று. அன்று அவை கோப்பித் தோட்டங்கள். இலைநோய் கோப்பியை அழித்த பின்பே தேயிலை வந்தது. தொழிலாளருள் மிகப் பலர் நம் திருச்சி மாவட்டத்திலிருந்தும், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தும் பஞ்சத்துக்குத் தப்பிச் சென்றவர்கள். அவர்களை ஊரிலிருந்து திரட்டிச் சென்று, முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கி, தோட்டத்தில் தலை எண்ணி வேலை வாங்கியவரின் பெயர் கங்காணி. நம் திருப்புதலில் பேராயருக்கு வழங்கிய அதே சொல்! 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தமோ, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. ஜனத்தை எண்ணுதல் என்பது எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரங்கூட ஆவதில்லை. அங்கிருந்து ஹட்டனுக்கு இரயிலில் அதைப்போல் ஐந்து மடங்கு நேரம் ஆயிற்று. நாம் ஐந்து நாள் தங்கினோம். நம்மை அனுப்பிய சபையாருக்கு அறிக்கை தரவேண்டும் என்பதால் ஒரு நோட்டுப் புத்தகம் கையில் இருந்தது. ஒவ்வொரு லயத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் எத்தனை, ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் எத்தனை, ஞானஸ்நானங்கள் எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டே சென்றோம். இரண்டாம் நாள் பிற்பகலில், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்ற மூதாட்டி ஒருவர் நம் நோட்டைப் பார்த்து, "எங்களை எண்ணிக்கொண்டு போகவா வந்தீர்கள், சாமி?" என்று கேட்டார். சூழ நின்றவர்கள் சிரித்தனர். நாமும் சிரித்து, ஆமென்றோ இல்லையென்றோ சொல்லாமல் எழுதி முடித்தோம்.

அவ்விடத்து உபதேசியார் ஒருவர் நாள்தோறும் விடியற்காலையில் வந்து, நம் பையைத் தாம் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் அழைத்துச் சென்றார். கடைசி நாள் பகலில் தம் வீட்டுக்கு வரவேண்டும் என்று இருமுறை தயக்கத்தோடு சொல்லியிருந்தார். அன்று நாம் நண்பரோடு நுவரெலியாவைப் பார்க்கப் போய்விட்டோம். மாலையில் திரும்பியபொழுது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி ரொட்டியும் சம்பலும் செய்து, கடனாகக் கோழி வாங்கிச் சமைத்து, நான்கு மணிவரை வாசலில் நின்றிருந்தார் என்பதை மறுநாள் இரயிலடியில் வேறொருவர் வாயிலாக அறிந்தோம். எடின்பரோ உரையைக் கற்பித்த நாம், உபதேசியாரின் வீட்டுப் பந்தியில் அமராமல் திரும்பினோம்.

இன்னொன்றும் உண்டு. நண்பரின் மனைவி அந்த ஐந்து நாளும் நமக்குச் சமைத்தார், பரிமாறினார், புன்னகைத்தார். அதற்கு ஏழு மாதங்களுக்குமுன் அவருடைய தாயார் ஊரில் இறந்திருந்தார். செய்தி கிடைத்துப் புறப்படுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இதை நாம் அறிந்தே சென்றோம். ஆயினும் ஐந்து நாட்களில் ஒருமுறையேனும் அவரோடு உட்கார்ந்து அத்தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் நோட்டில் அதற்கு நிரல் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நண்பர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றின் இடையில், குற்றஞ்சாட்டும் தொனியின்றி, அந்நாட்களில் தம் மனைவி எதிர்பார்த்திருந்தது அதையே என்று ஒரு வரி இருந்தது.

நாம் கொண்டுவந்த அறிக்கை நன்றாயிருந்தது என்று சபையார் பாராட்டினர். எண்கள் அனைத்தும் சரியானவை.

இனி, போதகர்களும் மாணவர்களும் இத்தகைய பயணம் மேற்கொள்ள நேர்ந்தால் கருதவேண்டியவை சில. அவற்றுள் முதன்மையானது, எவர் செல்வது என்பது. நமது சபைகள் எப்பொழுதும் ஆயரையோ செயலாளரையோ அனுப்புகின்றன. அதாவது ஆண்களை, பதவியில் உள்ளவர்களை. மிஷனெரிக் குடும்பத்தில் மிகுந்த தனிமையைச் சுமப்பவர் பெரும்பாலும் மனைவி. கணவருக்கு வேலையும் மொழியும் வெளியுலகமும் உண்டு. மனைவிக்குத் தன் ஊர்ப் பேச்சில் ஒருமணி நேரம் மனம்விட்டுப் பேச ஆளிராது. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து, அவரைச் சிறுபிராயமுதல் அறிந்த ஒருவர் உடன் செல்வாராயின், ஆயரின் பிரசங்கம் ஐந்தைக் காட்டிலும் அது பயன்படும் என்பது நம் கருத்து. இருவர் செல்லப் பணமில்லையெனில் ஆயர் நிற்கட்டும், அம்மையார் செல்லட்டும். இது சிலருக்குப் பிடிக்காது.

விசாவைக் குறித்து வஞ்சனை கூடாது. சுற்றுலா விசாவில் சென்று கூட்டங்களில் பிரசங்கிப்பதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. நம் நாடும் அவ்வாறே. வந்தவர் பிரசங்கித்துவிட்டு நான்காம் நாள் விமானமேறிவிடுவார். அதிகாரிகள் கதவைத் தட்டுவது அங்கேயே தங்கியிருப்பவரின் வீட்டில். நண்பரைக் காணச் செல்வதாக எழுதிக்கொடுத்தால் நண்பரைக் காண்பதோடு நிற்கவேண்டும். நிழற்படங்களைப் பற்றியும் இதுவே. ஞானஸ்நானம் பெற்ற புது விசுவாசியின் முகத்தைப் படமெடுத்து ஊருக்கு வந்து அனைவருக்கும் கைப்பேசியில் அனுப்புவது, சில நாடுகளில் அவரைக் காட்டிக்கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பணம் கொடுப்பது குறித்துப் பிலிப்பியரைப் பின்பற்றலாம். மூப்பரின் கேள்விக்கும் அங்கே ஒரு விடை உண்டு. சிறையிலிருந்த பவுலுக்கு அவர்கள் பணத்தை மட்டும் அனுப்பவில்லை, ஆளை மட்டும் அனுப்பவில்லை. எப்பாப்பிரோதீத்துவின் கையில் காணிக்கையைக் கொடுத்து அவனையே அனுப்பினார்கள் (பிலி. 2:25, 4:18). அவன் போன இடத்தில் நோயுற்று மரணத்துக்குச் சமீபமாயிருந்ததும், தான் நோயுற்ற செய்தி ஊருக்கு எட்டியதே என்று அவன் கலங்கியதும், அவர்கள் துக்கத்தைப் பவுல் எண்ணியதும் அந்நிருபத்தில் உள்ளன. காணிக்கை ஒன்றே போயிருந்தால் ஒரு பற்றுச்சீட்டு வந்திருக்கும். ஆள் போனதால் நமக்கு அந்நிருபம் கிடைத்தது. ஆனால் கொண்டு செல்லும் பணத்தை அங்குள்ள திருச்சபையின் பொறுப்பாளருக்குத் தெரியாமல் தனி மனிதர் கையில் வைப்பது, மிஷனெரிக்கும் சபைக்கும் இடையே பகையை விதைத்துவிட்டு வருவதாகும்.

எப்பொழுது வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும். பள்ளித் தேர்வு, மழைக்காலம், பிரசவம் என்று அவர்களுக்கு ஆயிரம் இருக்கும். நான்கு நாள் போதும் என்று அவர்கள் எழுதினால் ஐந்தாம் நாள் அங்கிருக்கக்கூடாது. தங்கும் செலவு அவர்கள்மேல் விழாதபடி முன்னமே பார்த்துக்கொள்ளவேண்டும். அந்நாட்டுச் சக ஊழியரின் வீட்டுக்குச் சென்று, அவர் தருவதை உண்ண ஒரு வேளையை முதல் நாளிலேயே ஒதுக்கிவிடவேண்டும்; கடைசி நாளுக்கு விட்டால் என்னவாகும் என்பதை மேலே கூறியிருக்கிறோம். அறிக்கை எழுதாமல் தீராது எனில், திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதலாம். நினைவில் நில்லாத எண்கள் போகட்டும்.

கடல்வழியைப் பற்றிக் கேட்கும் மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. தனுஷ்கோடி வழி 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து சில ஆண்டுகள் நடந்த கப்பலும் எண்பதுகளில் நின்றுவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. அசரியா கண்ட யாழ்ப்பாணத்தைக் காண விரும்புவோர், புறப்படுமுன் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நன்று.

இவற்றையெல்லாம் மருங்காபுரிப் பகுதிக் கமிட்டியாரிடம் ஒரு ஞாயிறு பிற்பகலில் சொன்னோம். உபதேசியார் வீட்டுக் கோழியையும் மறைக்கவில்லை. மூப்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அந்தப் பெண்ணின் அம்மாவை எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாகக் கண் தெரியவில்லை, மகளிடம் யாரும் சொல்லவில்லை" என்றார். அவ்வறையிலிருந்த ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. மிஷனெரிக்குத் தவறாமல் மாதந்தோறும் பணம் அனுப்பும் சபை அது.

வரும் தை மாதத்தில் இருவர் செல்வதென்று முடிவாயிற்று. ஆயர் அல்லர்; அப்பெண்ணின் சித்தியும், சித்தியின் கணவரும். மூப்பர் தம் பங்காக விமானக் கட்டணத்துக்கு ஒரு மூட்டை கடலையின் விலையைக் கொடுத்தார். அங்கிருந்து என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்டதற்கு, மருந்தோ புத்தகமோ அவர்கள் கேட்கவில்லை. மணப்பாறை முறுக்கு இரண்டு பொட்டலமும், அம்மாவின் குரலைப் பதிவு செய்து கொண்டுவரும்படியும் கேட்டிருக்கிறார்கள்.